வெள்ளைக்கரைச் செடியும் சின்னவளும்

அந்த அறைக்குள் போவது எளிதன்று. முதற்கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். இரு கதவுகளுக்கும் இடையிலுள்ள சிறிய இடத்தில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டு உடையின் மேல் நீள அங்கியை மாட்டி, ஓர் இழை மயிரும் வெளியே தெரியாதபடி கூந்தலைத் துணித்தொப்பிக்குள் அடக்கி, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்ட பிறகே இரண்டாம் கதவைத் தோளால் தள்ளலாம். கையால் தொடக் கூடாது. உள்ளே போனபின் தும்மல் வந்தாலும் துக்கம் வந்தாலும் இடைவேளை வரை உள்ளேதான். வெளியே வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் யாரும் வருவதில்லை. அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு சுவரில் மட்டும் கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியே பார்த்தால் தெரிவது தெருவன்று. அடுக்கடுக்காகப் பாட்டில்கள் வைக்கப்பட்ட இன்னோர் அறை.

சின்னவள் இங்கே வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இப்போது முப்பத்தெட்டு. தனக்கு நரை விழுந்ததை முதலில் பார்த்தது அந்தத் தொப்பிதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அது ஒரு திசு வளர்ப்புக் கூடம். அலங்காரச் செடியின் குருத்து நுனியைக் கடுகளவு கிள்ளியெடுத்து, சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழின் மேல் பாட்டிலுக்குள் ஊன்றி, அது தளிர்த்ததும் வெளியே எடுத்துத் துண்டாக்கி, துண்டுகளை வேறு பாட்டில்களில் ஊன்றி, இப்படியே ஒன்றைப் பலவாக்கும் இடம். கூடத்தின் உரிமையாளர் அவளுடைய அக்காவின் கணவர். கீழ்த்தளத்தில் கூடம், மேல்தளத்தில் வீடு. இரண்டையும் இணைக்கும் படிக்கட்டு கட்டடத்துக்கு உள்ளேயே இருந்ததால், தெருவில் கால் வைக்காமல் மாதக்கணக்கில் வேலைக்குப் போய்வர முடிந்தது.

அம்மா இறந்தபோது அக்கா அவளைத் தன்னோடு அழைத்து வந்தாள். "கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும்" என்றாள் உறவினர்களிடம். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் அத்தான் கூடத்தைத் தொடங்கியிருந்தார். கை நடுங்காத ஓர் ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. சின்னவளின் கை நடுங்கவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அத்தான் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. வீட்டில் எது வாங்கினாலும் அவளுக்கும் சேர்த்தே வாங்கினார். அக்காவோ சாப்பாட்டு வேளையில் தங்கையின் தட்டில் முதலில் பரிமாறிவிட்டுத்தான் கணவரின் தட்டைப் பார்ப்பாள். இரண்டு முறை பெண் கேட்டு வந்தார்கள். முதல் முறை கூடத்தை விரிவாக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்; இரண்டாம் முறை பாட்டில்களில் பூஞ்சை பரவி வீடே கலங்கியிருந்தது. இரண்டு முறையும் "இது முடியட்டும்" என்றார் அத்தான். இரண்டும் முடிந்தன. கேட்டு வந்தவர்கள் வேறிடம் போயிருந்தார்கள். வேண்டுமென்றே தடுத்தார் என்று அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்று எப்போதும் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கூடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த செடியை அங்கே எல்லோரும் வெள்ளைக்கரை என்று அழைத்தார்கள். முழங்கால் உயரம் வளரும் புதர்ச்செடி. பச்சை இலை, அதன் ஓரம் முழுக்க, வேட்டிக்குக் கரை போட்டதுபோல ஒரே சீராக வெண்மை. பல ஆண்டுகளுக்கு முன் சாதாரணப் பச்சைச் செடி ஒன்றில் ஒரேயொரு கிளை இப்படி வெளுத்து வந்ததை அத்தான் கண்டார். அந்தக் கிளையிலிருந்து பிறந்தவைதான் மற்றவை எல்லாம்.

அந்த வெண்மை எப்படி வருகிறது என்பதை அவர் சின்னவளுக்கு முதல் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். தாவரவியல் படித்தவர், விளக்கத் தெரிந்தவர். குருத்து நுனியில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலடுக்கு இலைக்குத் தோல் ஆகிறது. அதற்கு அடுத்த அடுக்கு இலையின் ஓரத்தை உண்டாக்குகிறது. உள்ளடுக்கு இலையின் நடுப்பகுதியை உண்டாக்குகிறது. வெள்ளைக்கரையில் இரண்டாம் அடுக்கின் மரபணுவில் எப்போதோ ஒரு பிழை நேர்ந்து, பச்சையம் செய்யும் திறன் அதற்கு இல்லாமற்போய்விட்டது. ஆகவே ஓரம் வெளுப்பு, நடுவில் பச்சை. ஒரே இலைக்குள் இரண்டு பிறவிகள். வெள்ளை தனக்கென்று உணவு செய்துகொள்ளாது. பச்சை சமைப்பதை உண்டு, அழகாக இருப்பது ஒன்றே அதன் வேலை.

"அப்ப அது வீட்டோட மாப்பிள்ளை மாதிரி" என்றாள் அன்றைய சின்னவள்.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "வீட்டோட மாப்பிள்ளையாவது கடைக்குப் போயிட்டு வருவான்."

விதை போட்டு இச்செடியைப் பெருக்க முடியாது. விதை பிறப்பது அந்த இரண்டாம் அடுக்கிலிருந்துதான்; ஆகவே நாற்று முழுவெள்ளையாக முளைத்து, விதையிலிருந்த உணவு தீர்ந்ததும் செத்துப்போகும். அடுக்கு குலையாமல் குருத்தை அப்படியே எடுத்து வளர்த்தால்தான் கரை நிற்கும். அப்படி வளர்த்தாலும் ஓர் ஆபத்து உண்டு. சில வேளைகளில் உள்ளடுக்கின் பச்சைச் செல் ஒன்று நழுவி இரண்டாம் அடுக்குக்குள் புகுந்துவிடும். அதிலிருந்து வரும் தளிர் முழுப்பச்சை. சுமக்க வேண்டிய வெள்ளை அதனிடம் இல்லையாதலால் அது மற்றத் தளிர்களைவிட வேகமாக வளரும், நன்றாகக் கிளைக்கும்.

பாட்டிலுக்குள் இருக்கும்போதே அதைக் கண்டுகொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. சர்க்கரைக் கூழை உண்டு குழல்விளக்கின் அடியில் வளரும் அந்தக் குஞ்சுச் செடிகள் எல்லாமே வெளிறிய ஒரே நிறத்தில் இருக்கும். வெளியே நிழல்வலைக் கூடத்துக்குப் போய், மண்ணில் நின்று, ஐந்தாறு இலை விட்ட பிறகுதான் கரை உண்டா இல்லையா என்பது தெரியும். ஆகவே அந்த அறையில் வெள்ளைக்கரைக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாட்டிலிலும் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கும் தளிர் எதுவோ, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இடுக்கியால் எடுத்துக் குப்பைத் தட்டில் போட்டுவிட வேண்டும். நடுத்தரமானவற்றைத்தான் துண்டாக்கி ஊன்ற வேண்டும். "உசரத்தைப் பாத்து மயங்காத" என்று அத்தான் அடிக்கடி சொல்வார். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதல் நாள் அந்தக் குப்பைத் தட்டைப் பார்த்துக் கண் கலங்கும் அளவுக்குச் செழிப்பான தளிர்கள் அதில் கிடக்கும்.

இப்படியிருக்கையில் சின்னவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. முன்பு அதே அறையில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் வேலை செய்து, திருமணமாகித் தொலைவிலுள்ள ஓர் ஊருக்குப் போன தோழி பேசினாள். அங்கே ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்துக்கு உதவியாளர் தேவை. பெண்கள் விடுதியில் ஓர் அறையும் தருவார்கள்.

"ஜன்னல் இருக்குதாடி?" என்று கேட்டாள் சின்னவள்.

"சம்பளம் எவ்வளவுன்னு கேப்பேன்னு பாத்தா ஜன்னலையா கேக்கற? இருக்கு, பெருசா ஒண்ணு இருக்கு. கொக்கி உடைஞ்சு போய் அதைச் சாத்தவே முடியாது. மழை பேஞ்சா மேசையெல்லாம் தண்ணி."

சின்னவள் விண்ணப்பித்தாள். கல்லூரி திறக்கும் நாளுக்குள் வந்து சேருமாறு பதில் வந்தது. பதிலை முதலில் அக்காவிடம் சொன்னாள். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அத்தான்கிட்டச் சொல்லு" என்றாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அத்தான் மெல்வதை நிறுத்தி, அவளை உற்றுப் பார்த்துவிட்டு, மகிழ்ச்சியாகவே தலையாட்டினார்.

"நல்ல விஷயம்தானே. போம்மா. யாரு வேண்டாங்கறா? ஆனா இப்பதான் அந்தப் புது ஹோட்டல்காரங்க ஆர்டர் குடுத்திருக்காங்க. தோட்டம் முழுக்க, நடைபாதை ஓரமெல்லாம் வெள்ளைக்கரைதான் வைக்கப் போறாங்களாம். நம்ம கூடத்துக்கு இது மாதிரி வந்ததே இல்ல. இதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு, நிம்மதியாப் போ."

"போறவளைப் புடிச்சா வச்சிருக்கோம்?" என்றாள் அக்கா, தட்டில் இன்னொரு கரண்டி போட்டபடி. "முடிச்சுட்டுப் போன்னுதான் சொல்றாரு."

அத்தனை செடியையும் வழக்கமான முறையில் பெருக்கினால் கல்லூரி திறந்து இரண்டு பருவம் கடந்துவிடும் என்பது சின்னவளுக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரிந்திருக்கலாம்; அவர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உண்மையாகவே வருந்தியிருப்பார். அந்த வீட்டில் கேள்வி கேட்பது கடினமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

மறுநாள் காலை அவள் மேசை முன் அமர்ந்தாள். வடிகட்டிய காற்று எதிரிலிருந்து அவள் முகத்தின் மேல் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காய்ச்சி, ஒரு பாட்டிலைத் திறந்தாள். நடுத்தரத் தளிரில் இரண்டு கணு, அதாவது இரண்டு துண்டு. உயரமான தளிரில் ஐந்து கணு. இடுக்கி உயரமான தளிரைப் பற்றிக் குப்பைத் தட்டின் மேல் போய் நின்றது.

எல்லா உயரத் தளிரும் பச்சையாக இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். இது உண்மையே. பச்சையாக வருபவற்றை வெளிக்கூடத்தில் பொறுக்கி எறிந்துவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டாள். வெட்டி ஊன்றுவது ஒரே சுற்று என்றால் இதுவும் உண்மையே. அந்தத் தளிரைத் திருப்பிக் கொண்டுவந்து ஐந்தாக வெட்டினாள்.

அறையில் அவளோடு வேலை செய்த இரண்டு பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"அக்கா, அது குப்பைக்குப் போறதாச்சே?"

"இந்த ஆர்டர் வரைக்கும் அதையும் சேத்துக்கோங்க. வெளிய பொறுக்கிக்கலாம்."

"ஐயா பாத்தா?"

"ஐயா பாட்டிலைப் பாப்பாரு. அதுக்குள்ள யாரு நெட்டை யாரு குட்டைன்னு பாக்க மாட்டாரு."

முகத்துணிகளுக்குப் பின்னால் மூவரும் சிரித்தார்கள்.

பாட்டில்கள் பெருகிய வேகத்தைக் கண்டு அத்தான் வியந்தார். அலமாரிகள் நிறைந்தன, தாழ்வாரத்தில் புதிய அலமாரி போட வேண்டியதாயிற்று. "போற நேரத்துல சின்னவளுக்குக் கை வேகம் வந்துடுச்சு" என்று மேசையில் பெருமையாகச் சொன்னார். அக்கா, "வந்த நாள்லேருந்து அவ கை அப்படித்தான்" என்றாள். சின்னவள் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் அவள் உயரமானவற்றையே தேடி எடுத்தாள். முதலில் தயங்கித் தயங்கிச் செய்ததைப் பிறகு தயங்காமல் செய்தாள். வழக்கப்படி பொறுக்கிய பழைய பாட்டில்கள் சில, கீழ்த்தட்டின் ஓரத்தில் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றைத் தொட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

எது நடக்கும் என்பதை ஒருவர் தாளில் போட்டுப் பார்த்திருந்தால் எளிதாகத் தெரிந்திருக்கும். முதற்சுற்றில் உயரத் தளிர்களுள் பாதியேனும் பச்சை. பச்சை மறுசுற்றிலும் வேகமாக வளரும். அடுத்த பாட்டிலில் உயரமாக நிற்பது பெரும்பாலும் அதுவே. அதையே மறுபடியும் எடுத்தால், வெள்ளைக்கரையைப் பெருக்குவதாக எண்ணிக்கொண்டு அதைக் களைந்துகொண்டே வருகிறோம் என்று பொருள்.

செடிகள் சுவரிலுள்ள சிறு திறப்பின் வழியே வெளிக்கூடத்துக்குப் போயின. அங்கே அவற்றை வாங்கி, கூழைக் கழுவி, டிரேக்களில் மண்ணில் நட்டு, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கியவர் நெட்டை. எல்லோரும் அவரை அப்படியே அழைத்தார்கள். நிழல்வலை அவர் தலையில் இடிக்கும். சின்னவளைப் பாட்டிலக்கா என்று அழைப்பவர் அவர் ஒருவர்தான்.

சின்னவள் பெட்டி கட்டினாள். பத்தொன்பது ஆண்டுப் பொருள்கள் ஒரே பெட்டியில் அடங்கியது அவளுக்கே வியப்பாக இருந்தது. மறுநாள் காலைப் பேருந்தில் இடம் பதிவு செய்தாயிற்று. புறப்படுவதற்கு முந்திய நாள், சுவர்த் திறப்பின் மறுபுறத்தில் நெட்டையின் குரல் கேட்டது.

"பாட்டிலக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

"வந்தா மறுபடி குளிச்ச மாதிரி கழுவணும். அங்கேருந்தே சொல்லுங்க."

"சொன்னா நம்ப மாட்டீங்க. வந்து பாருங்க."

தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் பின்முற்றத்தைக் கடந்து போனாள். வெயிலில் கண் கூசியது. வலையின் அடியில் டிரேக்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாச் செடியும் ஆறேழு இலை விட்டிருந்தது. எல்லாமே கொழுகொழுவென்று நல்ல பச்சை.

"இது வேற செடிங்களா?" என்றாள்.

"இதையேதான் உங்ககிட்ட நான் கேக்கணும்னு இருந்தேன். கல்யாணம்னு பந்தலெல்லாம் போட்டாச்சு, ஊரே வந்து உக்காந்திருக்கு, மாப்பிள்ளையை மட்டும் காணோம். அந்தக் கதையா இருக்கு."

அவள் ஒவ்வொரு டிரேயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரையுள்ள செடி சிறுத்து நின்றது. பக்கத்துப் பச்சைகள் அதன்மேல் சாய்ந்து நிழல் போட்டிருந்தன. கடைசி வரிசைக்குப் போகுமுன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆயினும் கடைசி வரை போய்ப் பார்த்தாள்.

"கூழுல போடற மருந்துல ஏதாச்சும் கூடக் குறைய ஆயிருக்குமா?" என்று கேட்டார் நெட்டை. "புது லைட்டு போட்டாங்களே, அதனால இருக்குமா?"

"தெரியல."

"எதுவா இருந்தாலும் இன்னிக்கே ஐயாகிட்டச் சொல்லிடணும்."

அவள் ஒரு பச்சை இலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "நாளன்னிக்குச் சொல்லுங்களேன்" என்றாள்.

நெட்டை அவளைப் பார்த்தார். "நாளன்னிக்கு நீங்க ஊர்ல இருக்க மாட்டீங்களே."

நெட்டை தலையைக் குனிந்து வலையின் அடியிலிருந்து வெளியே வந்தார். சற்று நேரம் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"சரி, போங்க. நான் இன்னிக்கு இந்தப் பக்கம் வரவே இல்ல" என்றார்.

அவள் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு, மாட்டிக்கொண்டு, கட்டிக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி உள்ளே உட்கார்ந்தாள். கூழில் ஊன்ற வேண்டிய துண்டு பாட்டிலின் கழுத்தில் பட்டு வீணாயிற்று. அப்படி அவளுக்கு நேர்ந்ததே இல்லை. இந்த ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தால் போதும் என்று நினைத்தாள். பேருந்து ஏறிவிட்டால் பிறகு எல்லாம் தொலைபேசியில் வரும் செய்திதான்.

பகல் கழியவில்லை. மாலையில் ஹோட்டலின் தோட்ட மேலாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அத்தான் பெருமையோடு அவரை நேரே நிழல்வலைக்கு அழைத்துப் போனார்.

சின்னவள் படியேறிக்கொண்டிருந்தபோது பின்முற்றத்துப் பேச்சு காதில் விழுந்தது. மேலாளர் போய்விட்டிருந்தார். அத்தான் நெட்டையிடம் பேசிக்கொண்டிருந்தார். குரல் உயரவில்லை. உயராததே அச்சமாக இருந்தது.

"பழைய சாதாப் பச்சைச் செடி டிரேயை இங்க மாத்தி வச்சிருக்க. வேற எப்படி இது நடக்கும்?"

"ஐயா, நான் அப்படி மாத்தி வைக்கிற ஆளா?"

"அந்தாள் முன்னாடி என்னால தலையே நிமித்த முடியல. உள்ளேருந்து சரியாத்தான் வந்திருக்கும். உள்ள யாரு வேலை பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

சின்னவள் படியிலேயே நின்று, திறந்திருந்த பின்கதவு வழியே பார்த்தாள். மேலே போனால் கட்டிய பெட்டி. முன்பே அவளை அழைத்துக் காட்டியதாக நெட்டை ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அவர் சொல்லப் போவதில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. இந்தப் பக்கமே வரவில்லை என்று வாக்குக் கொடுத்தவர்.

அவள் இறங்கிப் போனாள்.

"அத்தான், அவர் மாத்தல. நான்தான். உசரமா இருந்ததையெல்லாம் எடுத்து வெட்டினேன். மூணு சுத்தும் அப்படித்தான்."

அத்தான் அவளைப் புரியாமல் பார்த்தார். "நீயா? ஏம்மா?"

"சீக்கிரம் முடியுமேன்னு."

நெட்டை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார். அத்தான் அங்கிருந்த சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் கோபித்துக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். கோபித்திருந்தால் அன்றே அவள் போயிருக்கக்கூடும். அவர் நெட்டையை அழைத்து, "மனசுல வச்சுக்காதப்பா" என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"ஹோட்டல்காரங்க அடுத்த மழைக்காலம் வரைக்கும் பொறுப்பாங்க. பேசிக்கலாம். பழைய நல்ல பாட்டில் கொஞ்சம் இருக்கும்ல? அதுலேருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். நீ கவலைப்படாத. நாளைக்குக் கிளம்பறதுன்னா கிளம்பு. நாங்க எப்படியாவது பாத்துக்கறோம்."

அந்த "எப்படியாவது" அவள் காலைக் கட்டியது. அவர் அதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. வழக்கம்போல அன்பாகத்தான் சொன்னார்.

அக்கா அன்பாகச் சொல்லவில்லை. சமையலறையில் தங்கையை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டாள்.

"வேணும்னே பண்ணினியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. உனக்குத் தெரியாம உன் கை எதையும் பண்ணாது. நாங்க என்னடி குறை வச்சோம் உனக்கு? கைதி மாதிரியா வச்சிருந்தோம்?"

"யாரும் வைக்கலக்கா. அதான் கஷ்டமா இருக்கு."

"என்ன பேச்சு இது?"

"பூட்டு போட்டிருந்தா உடைச்சுட்டுப் போயிருப்பேன். நீங்க கதவைத் திறந்து வச்சுட்டு, இதை முடிச்சுட்டுப் போ, அதை முடிச்சுட்டுப் போங்கறீங்க."

அக்கா அடுப்பைச் சிறிதாக்கினாள். பிறகு அவள் பேசிய குரல் வேறாக இருந்தது.

"நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட பேசறது? அவர் வாயைத் திறந்தா பாட்டில், டிரே, பூஞ்சை. நான் தெருவைப் பாத்து எத்தனை நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமா? நீ கீழ இருக்கேங்கற நெனப்புலதான் நான் மேல இருக்கேன். அவ்வளவுதான்."

சின்னவள் இதை எதிர்பார்க்கவில்லை. தன்னை அந்த வீட்டில் வைத்திருந்தது அத்தானின் ஆர்டர்கள் என்றே இத்தனை ஆண்டும் நினைத்திருந்தாள். அக்காவின் தோளைத் தொடக் கை நீண்டது; தொட்டால் அத்தோடு பயணம் முடிந்தது என்று தோன்றியதால் கையை மடக்கிக்கொண்டாள். தொடாமலும் அது முடிந்துதான் போயிற்று. அன்று அவள் பெட்டியிலிருந்து எதையும் வெளியே எடுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலைப் பேருந்துக்கும் எழுந்திருக்கவில்லை. வழக்கமான நேரத்தில் எழுந்தாள்.

கல்லூரி அலுவலகம் திறக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தாள். வீட்டுக்குள் சரியாகக் கேட்காது. மேல்தளத்து முன்னறையின் நடுவே, சாப்பாட்டு மேசையருகே நின்றால் மட்டும் கொஞ்சம் கேட்கும். அத்தான் அங்கேதான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ, நான்தாங்க, ஆய்வக உதவியாளர் வேலைக்கு... நான் வர முடியாதுங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"யாரு? ஒண்ணும் கேக்கலம்மா. சத்தமாச் சொல்லுங்க" என்றது மறுமுனை. எழுத்தர் வயதானவர் போலிருந்தது.

"வர முடியலங்க!"

"என்ன முடியல?"

"நான் இந்த வருஷம் வரல!" என்று அவள் கத்தினாள்.

அந்த வீட்டில் அவள் கத்தியது அதுவே முதல் முறை. செய்தித்தாள் தாழ்ந்தது. அக்காவின் கையிலிருந்த துணி மேசையின் நடுவில் நின்றுவிட்டது. எழுத்தருக்கு இப்போது தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்.

"அட, அதுக்கேம்மா இப்படிச் சத்தம் போடறீங்க? இந்த வருஷம் தற்காலிகமா ஒருத்தரைப் போட்டுக்கறோம். அடுத்த வருஷம் மறுபடி ஆள் எடுப்போம். உங்க பேரை வச்சுக்கட்டுமா, வேண்டாமா?"

அவள் இருவரையும் பார்த்தாள். இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெல்லச் சொல்லியிருக்கலாம்; எழுத்தருக்குத்தான் இப்போது கேட்கிறதே.

"வச்சுக்கோங்க!" என்றாள், முன்னைவிட உரக்க. "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்!"

தொலைபேசியை மேசைமேல் வைத்தாள். அத்தான் செய்தித்தாளை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"அதுக்குள்ள ஆர்டர் முடிஞ்சுடும்மா" என்றார்.

"முடியலன்னாலும் போவேன் அத்தான். அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் தளிர் பொறுக்கத் தெரியும். நான் சொன்னதாலதான் அவங்களும் தப்பாப் பொறுக்கினாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அக்கா மேசையைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

"அந்த ஊருக்கு பஸ்ஸுல எத்தனை நேரமாகும்?" என்று கேட்டாள், நிமிராமல்.

"காலைல ஏறினா ராத்திரி ஆயிடும்."

"நடுவுல எங்கயாவது நிப்பாட்டுவானா?"

"நிப்பாட்டுவான்க்கா."

அக்கா தலையசைத்தாள். சின்னவள் கீழே இறங்கிப் போனாள். கீழ்த்தட்டிலிருந்த பழைய பாட்டில்களைத் துடைத்து எடுத்து வைக்க வேண்டும். அவற்றில் எத்தனை இன்னும் உயிரோடிருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியாது.